44,100 வீத ஒலியை மாற்றாமல் கேட்க வழி உண்டா?

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டைக் கோயில் திருவிழாக்களின் பழைய நாதஸ்வரக் கேசட்டுகளை, நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் கணினியில் பதிந்து வைத்திருக்கிறேன். லினக்ஸில் எல்லாச் செயலிகளின் ஒலியையும் கையாளும் பைப்வயர் என்ற மென்பொருள் இயல்பாக 48,000 வீதத்திலேயே ஒலியை வெளியிடுவதால், ஒவ்வொரு 147 மாதிரிகளுக்கும் 160 புதிய மாதிரிகளைக் கணித்தாக வேண்டியிருக்கிறது.

பைப்வயரில் அனுமதிக்கப்பட்ட வீதங்களின் பட்டியலில் 44,100-ஐயும் சேர்த்துவிட்டேன். ஆயினும் உலாவியில் ஏதேனும் காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போது இசையைத் தொடங்கினால், வீதம் மாறாமல் 48,000-லேயே நின்றுவிடுகிறது. காதுக்கு வேறுபாடு தெரியுமா என்ற வழக்கு இங்கு வேண்டாம். அது தீராத வழக்கு.

நான் பயன்படுத்தும் எம்பிடி (MPD) என்ற இசைப்பானை, பைப்வயரைத் தவிர்த்து ஒலி அட்டையுடன் நேரடியாக இணைத்து, பிற செயலிகளின் ஒலியை இழப்பது நல்லதா, அல்லது அந்த இசைப்பானிலேயே, மாதிரி வீதத்தை மாற்றித் தரும் சாக்ஸ்ஆர் (soxr) நிரலகத்தின் உயர்தர அமைப்பைக் கொண்டு 48,000-க்கு மாற்றிவிடுவது போதுமா? இரண்டாவது வழியைப் பழைய இரட்டைக் கருச் செயலி தாங்குமா என்பதையும், பயன்படுத்திப் பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.