கஸ்டமர்கிட்ட பேசுனதெல்லாம் சேல்ஸ் பசங்க போன்லயே கிடக்கு, சிஆர்எம்ல ஏத்துறது எப்படிங்க?

மோட்டார்கடை_கோவை:

வணக்கம்ங்க. கோவைல பம்ப்செட் டீலர்ஷிப் நடத்துறோம், சப்மெர்சிபிள், மோனோபிளாக், ஓப்பன்வெல் எல்லாமே. பார்ட்டிங்க பாதி விவசாயிங்க, பாதி மில்லும் அபார்ட்மென்ட்டும். ஃபீல்டுக்குப் போற பசங்க ஆறு பேரு, ஆபீஸ்ல போன் எடுக்க ரெண்டு பொண்ணுங்க. சிஆர்எம், அதாவது கஸ்டமர் விவரம், பேசுனது எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்கற சாஃப்ட்வேர், வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, மாசாமாசம் காசு போயிட்டுதான் இருக்கு, ஆனா உள்ள போயி பாத்தா பேரும் நம்பரும் மட்டும்தான் இருக்கு, யாரு யாருகிட்ட என்ன பேசுனாங்கன்னு ஒரு வரி கெடையாது.

இப்ப என்னாச்சுன்னா சீனியர் பையன் ஒருத்தன் வேலைய விட்டுட்டான், அவன் பாத்துட்டிருந்த பார்ட்டிங்க ஒவ்வொருத்தரா ஆபீஸுக்குக் கூப்பிடுறாங்க. பல்லடம் பக்கம் ஒரு மில்லுல பர்சேஸ் பாக்குறவரு "ஏனுங்க, லாரி வாடகை உங்க கணக்குலயேன்னுதானுங்க உங்க பையன் சொன்னாரு, இப்ப பில்லுல தனியா போட்டிருக்கீங்க"ங்கறாரு. அவன் சொன்னானா இல்லையான்னு நான் எங்கீங்க போயி பாக்கறது? கொட்டேஷன மூணு தடவ மாத்தி அனுப்பிருக்கான், கடைசியா ஒத்துக்கிட்டது எதுன்னும் தெரியல, எல்லாம் அவன் சொந்த வாட்ஸ்அப்ல. இப்ப போன் பண்ணா எடுக்கறதில்ல.

கால், வாட்ஸ்அப், மெயில், நேர்ல போயி பேசறது இத்தனையும் ஒரே எடத்துல வர வைக்க முடியுங்களா? பசங்கள டைப் பண்ணச் சொன்னா மூஞ்சியச் சுளிக்கறாங்க. எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணிப் போட்டுடலாம்னு தம்பி சொல்றான், அது சரி வருமா?

சிஆர்எம்_மெக்கானிக்:

சார், நான் சென்னைல கம்பெனிங்களுக்கு சிஆர்எம் செட் பண்ணிக் குடுக்குற வேலைதான் பாக்குறேன். ஜோஹோவோ ஃப்ரெஷ்சேல்ஸோ ஹப்ஸ்பாட்டோ நீங்க எத வச்சிருந்தாலும் கத இதேதான், அதனால எது பெஸ்ட்டுன்ற சண்டைக்கு நான் வரல. முதல்ல நம்பர் உங்களுதா இருக்கணும். பையனோட சொந்த சிம்முல பேசுற வரைக்கும் எந்த சாஃப்ட்வேர் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது. கம்பெனி பேர்ல சிம் எடுத்துக் குடுங்க, போறப்ப சிம்ம வாங்கி அடுத்தவன் கைல குடுங்க, அவ்ளோதான்.

மெயில்தான் இருக்கறதுலயே ஈஸி. பெரிய சிஆர்எம் எல்லாத்துலயும் பிசிசி (மெயில் வாங்குறவருக்குத் தெரியாம இன்னொரு காப்பி போற கட்டம்) போடுறதுக்குன்னு ஒரு அட்ரஸ் குடுப்பாங்க, அத பிசிசில போட்டு அனுப்பிச்சா அந்த மெயில் தானா அந்த கஸ்டமர் பேருக்குக் கீழ போயி உக்காந்துக்கும். இல்லாட்டி மெயில்பாக்ஸையே கனெக்ட் பண்ணிட்டா அனுப்புறது வர்றது ரெண்டும் தெரியும். ஒரே ஒரு விஷயம், கஸ்டமரோட மெயில் ஐடி சிஆர்எம்ல இருந்தாத்தான் மேட்ச் ஆகும். மில்லுன்னா பர்சேஸுக்கு ஒரு ஐடி, அக்கவுன்ட்ஸுக்கு ஒண்ணு, மேனேஜருக்கு ஜிமெயில்னு இருக்கும், மூணையும் தனித்தனி கான்டாக்ட்டா போட்டு ஒரே கம்பெனிக்குக் கீழ கட்டிவிடுங்க.

கால் கொஞ்சம் தகராறு. போன்ல இருக்க கால் லிஸ்ட்ட அப்டியே படிச்சு சிஆர்எம்ல ஏத்துற ஆப்பெல்லாம் முன்னாடி நிறைய இருந்துச்சு, 2019ல கூகுள் ப்ளே அந்த பர்மிஷன இறுக்கிட்டாங்க, போனோட டயலராவே, அதாவது கால் பண்ற மெயின் ஆப்பாவே, செட் பண்ண ஆப்புக்குத்தான் பொதுவா கிடைக்கும். ஐபோன்ல வெளி ஆப்புக்கு கால் ஹிஸ்டரியே கிடைக்காது. அதனால ஆபீஸ் நம்பருக்கு எக்ஸோடெல், மைஆபரேட்டர் மாதிரி ஒரு கிளவுட் டெலிஃபோனி எடுத்துக்குங்க. கால் அவங்க லைன் வழியா போயிட்டு வர்றதால யாரு கூப்பிட்டாங்க, யாரு எடுத்தாங்க, எத்தன நிமிஷம், மிஸ்டு கால் எது எல்லாம் கை வைக்காமலே பதிவாயிடும்.

வாட்ஸ்அப்புக்கு பிசினஸ் ஏபிஐ, அதாவது கம்பெனி வாட்ஸ்அப் நம்பர நேரா சிஆர்எம்மோட இணைக்கிற வழி. கஸ்டமர் கடைசியா மெசேஜ் அனுப்பி 24 மணி நேரம் வரைக்கும் நீங்க இஷ்டத்துக்கு பதில் போடலாம், தாண்டிட்டா வாட்ஸ்அப்கிட்ட முன்கூட்டியே அப்ரூவல் வாங்குன டெம்ப்ளேட் (ரெடிமேட் மெசேஜ்)தான் போகும். இது தெரியாம வாங்கிட்டு அப்புறம் கத்துறவங்கதான் அதிகம். பிசினஸ் ஆப்பையும் ஏபிஐயையும் ஒரே நம்பர்ல சேத்து ஓட்டுற வசதியும் இப்ப வந்திருக்கு, ஆனா குரூப் சாட் உள்ள வராது, பிளம்பருங்க குரூப்ல ஆர்டர் எடுக்குற பழக்கம் இருந்தா அத நிறுத்தணும்.

ஃபீல்டுல_சுத்துறவன்:

அண்ணே நான் மதுரைப் பக்கம் பைப் லைன்ல சேல்ஸ் பாக்குறேன், அந்தப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக.

டைப் பண்ண மாட்டேங்குறாங்கன்னு எல்லா மொதலாளியும் சொல்றாக. ஏன்னு யாரும் கேக்குறதில்ல. எங்க கம்பெனில ஒரு கால் போட்டா நிரப்ப வேண்டிய கட்டம் ஒம்பதோ பத்தோ இருக்கு, பர்ப்பஸு, அவுட்கமு, அதுக்குள்ள ஒரு சப் அவுட்கமு, ஸ்டேஜு, அது என்னன்னு வாங்குனவகளுக்கே தெரியாது. வெயில்ல வண்டிய ஓரங்கட்டி நின்னு இத எவன் நிரப்புவான்? சாயங்காலம் ஆறு மணிக்கு டீக்கடைல உக்காந்து "கஸ்டமர் பிஸி, ஃபாலோ அப் டுமாரோ"ன்னு ஒரே வரிய காப்பி பண்ணி இருவது பேருக்கும் ஒட்டிவிடுவோம். மேனேஜருக்கு ரிப்போர்ட்ல பச்சையாத் தெரியும், அவரும் சந்தோசம், நாங்களும் சந்தோசம். நாளைக்கு இத்தன கால் போடணும்னு டார்கெட் வச்சாகன்னா போடாத காலும் பதிவாகும், அதையும் சொல்லிப்புடுறேன்.

எங்க டீமுல ஒருத்தரு இத மாத்தி ஒரே ஒரு கட்டம் வச்சாரு. என்ன ஒத்துக்கிட்டோம், அடுத்து எப்ப. அம்புட்டுத்தேன். தமிழ்ல வாய்ஸ் டைப்பிங் வச்சு பேசுனாலே விழுந்துரும், கீபோர்டுல மைக்க அமுக்கி "லாரி வாடகை நம்ம கணக்கு, வியாழக்கிழம பேனல் போர்டு ரேட்டு சொல்லணும்"னு சொன்னா முடிஞ்சு போச்சு. கால் எத்தன நிமிசம், எத்தன மணிக்குங்கறதெல்லாம் மெசினு பாத்துக்கிடட்டும்ணே, அதையும் எங்கள எழுதச் சொன்னா என்ன அர்த்தம்?

இன்னொண்ணு, நாங்க எழுதுறது எங்களுக்கு என்னைக்காச்சும் திரும்ப உதவணும். பார்ட்டி வாசல்ல வண்டிய நிறுத்துறப்ப போன்ல போன தடவ பேசுனது மேலயே வந்து நிக்கணும். அது வந்துச்சுன்னா சொல்லாமலே எழுதுவாய்ங்க.

பேக்ஆபீஸ்_அக்கா:

மேல தம்பி சொன்ன அந்த ஒரு கட்டம் ஐடியாவ நானும் வழிமொழியுறேன். எங்க ஆபீஸ்ல பில் போடுறது நான்தான், சேல்ஸ்ல என்ன வாக்கு குடுத்தாங்கன்னு தெரியாம திட்டு வாங்குறதும் நான்தான்.

கொட்டேஷன் விஷயத்துக்கு ஒரு வழி சொல்றேன். பிடிஎஃப்ப வாட்ஸ்அப்ல தனியா உருவாக்கி அனுப்பவே விடாதீங்க. சிஆர்எம்ல அந்த ஆர்டருக்குன்னு ஒரு டீல் இருக்கும்ல, அதுக்குள்ள கொட்டேஷன் போட்டு அங்கிருந்துதான் போகணும். ஃபைல் பேர்லயே மாத்தினது ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரணும், கூடவே என்ன மாறுச்சுன்னு அரை வரி: "7.5 ஹெச்பி, 20 ஸ்டேஜ்ல இருந்து 25, கேபிள் தனி"ன்னு. பார்ட்டி ஓகே சொன்ன மெசேஜ் இருந்தா அத அதுல ஒட்டிடணும். கஸ்டமர் பேருக்குக் கீழ மட்டும் போட்டீங்கன்னா ஒரே மில்லுக்கு நாலு போர்வெல் வேலை நடக்கறப்ப எல்லாம் கலந்து குழம்பிடும்.

அப்புறம் நம்பர். ஒருத்தர் +91 போட்டு ஏத்துவாரு, ஒருத்தர் முன்னாடி ஜீரோ, இன்னொருத்தர் நடுவுல ஸ்பேஸ் விட்டு. ஒரே ஆளு மூணு கான்டாக்ட்டா நிக்கும், பேசுனதெல்லாம் மூணு எடத்துல சிதறிக் கிடக்கும். எதையும் கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி எல்லா நம்பரையும் +91 போட்டு சேத்து எழுதுற மாதிரி ஆக்கி, டூப்ளிகேட்ட மெர்ஜ் பண்ணிடுங்க. போரிங்கான வேலைதான், ஒரு வாரம் முதுகு வலிக்கும். பண்ணாம விட்டா மேல சொன்ன எதுவும் ஒழுங்கா மேட்ச் ஆகாது. விவசாயிங்கள்ல அப்பா நம்பர், பையன் நம்பர்னு ரெண்டு இருக்கும், அத ரெண்டு கான்டாக்ட் ஆக்காம ஒரே ஆளுக்கு ரெண்டாவது நம்பரா போடுங்க.

மோட்டார்கடை_கோவை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அந்த டீக்கடை மேட்டர படிச்சுட்டு எங்க சிஆர்எம்ம தெறந்து பாத்தனுங்க, "பார்ட்டி அவுட் ஆஃப் ஸ்டேஷன்"ன்னு ஒரே எழுத்துப் பிழையோட எக்கச்சக்கம் இருக்கு, சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல.

ரெக்கார்டிங் பத்தி யாரும் சொல்லலையே? தம்பி விடமாட்டேங்கறான். அப்புறம் போன பையன்கிட்ட கிடக்கற சாட்ட எப்படி வாங்கறது?

சிஆர்எம்_மெக்கானிக்:

கிளவுட் டெலிஃபோனில ரெக்கார்டிங் ஒரு ஸ்விட்ச்தான், டெக்னிக்கலா பிரச்சனை இல்ல. ஆனா கஸ்டமருக்குத் தெரியாம பண்ணாதீங்க. 2023ல வந்த டிஜிட்டல் பர்சனல் டேட்டா சட்டப்படி என்ன எடுக்குறோம், எதுக்கு எடுக்குறோம்னு சொல்லி சம்மதம் வாங்கணுங்கறதுதான் அடிப்படை, அந்த நோட்டீஸ தமிழ்ல கேட்டா தமிழ்லயும் குடுக்கணும். டேட்டாவ சரியாப் பாதுகாக்காம விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும்னு அதுல போட்டிருக்கு. கால் எடுத்ததும் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது"ன்னு ஒரு வாய்ஸ் வைங்க, பசங்ககிட்டயும் எழுத்துல ஒத்துக்க வாங்கிடுங்க. உங்க கேஸுக்கு எது போதும்னு உங்க வக்கீல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, நான் சாஃப்ட்வேர்காரன்.

என்னக் கேட்டா ஆபீஸ் லைன்ல மட்டும் வச்சா போதும். ரெக்கார்டிங்க உக்காந்து யாரு கேக்கப் போறா? லாரி வாடகை மாதிரி தகராறு வந்தா தேடிக் கேக்கலாம், தினப்படிக்கு அந்த ஒரு வரி நோட்டுதான் உதவும். எத்தன மாசம் வச்சிருந்துட்டு அழிக்கப் போறீங்கன்னும் இப்பவே முடிவு பண்ணிடுங்க.

பழைய சாட்டுக்கு, பையன் மனசு வச்சாத்தான் உண்டு. ஒவ்வொரு பார்ட்டி சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணா டெக்ஸ்ட் ஃபைலா வரும், மெயில் பண்ணச் சொல்லி டீலுக்குள்ள போட்டுக்கலாம். செட்டில்மென்ட் பாக்கி எதாச்சும் வச்சிருக்கீங்களா? மொதல்ல அத முடிச்சுட்டு போன் பண்ணிப் பாருங்க.

ஃபீல்டுல_சுத்துறவன்:

அண்ணே அதேதான், இன்சென்டிவ் பாக்கி இருக்கும். இல்லாட்டி அந்த மில்லுக்காரருகிட்டயே கேளுங்க, அவரு போன்லயும் அதே சாட்டு கிடக்கும்ல, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னா அனுப்பிட்டுப் போறாரு.