அவரைக் கொழுந்தில் அசுவினி: வேப்பமுத்துக் கரைசல் எங்கே கெடுகிறது?

காரைக்குடிப் பக்கம்:
கார்த்திகைப் பனி விழுந்ததும் அவரைக் கொழுந்திலும் தட்டைப்பயறுப் பிஞ்சிலும் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான கருப்பு அசுவினி அப்பிக்கொள்ளும். அதற்கு அடிக்கும் வேப்பமுத்துக் கரைசலுக்கு, பத்து லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு ஓடு நீக்கிய வேப்பமுத்துப் பருப்பு அரைக் கிலோ. மாவாக அரைத்தால் எண்ணெய் கக்கிப் பிண்டமாகிவிடும், ஒன்றிரண்டாக இடித்தால் போதும். துணியில் தளர முடிந்து இரண்டு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறட்டும். மறுநாள் பிழிந்து பிழிந்து எடுத்தால் பால் போல வெள்ளையாக இறங்கும். காப்பி நிறத்தில் வந்தால் முத்து கெட்டது, கொட்டிவிடுங்கள். இரண்டு முறை வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். 20 கிராம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றி, பத்து லிட்டராக்கி, வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள். வெயில் பட்டால் மருந்தின் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

தேவகோட்டை:
முத்தின் வயதைச் சொல்லாமல் விட்டீர்களே அண்ணே. ஆனி, ஆடியில் பொறுக்கி, சதை கழுவி, நிழலில் உலர்த்திய முத்து மூன்று மாதம் கழித்துத்தான் பக்குவம். எட்டு மாதம் தாண்டினால் வீரியம் குறையும். அதாவது ஐப்பசி முதல் மாசி வரை. அவரைக்கு அளந்து வைத்தது போல! பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும், சணல் சாக்கே நல்லது.

புதுவயல்:
பாதிப்பேர் தோற்பது தண்ணீரில். நம் பக்கத்து போர் தண்ணி பல இடங்களில் கடினம். சோப்பு நுரைக்காமல் தயிர் போலத் திரிந்து மிதந்தால் அந்தத் தண்ணியை விட்டுவிடுங்கள். முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணி இருந்தால் அதற்கு ஈடில்லை. வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் (லிட்டருக்கு 30 மில்லி) எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலில் அடித்துப் பாலாக்கி, பிறகு தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் எண்ணெய் மேலே மிதக்கும். டேங்கின் கடைசித் தண்ணி பட்ட செடி கருகும். டேங்கை ஊருணியில் கழுவாதீர்கள், சாமி.

தேவகோட்டை:
“அடித்த மறுநாளும் பூச்சி அப்படியே இருக்கே” என்பவர்களுக்கு: வேம்பு பட்டென்று கொல்லாது. குஞ்சு தோலுரிப்பதைத் தடுக்கும், சாறு உறிஞ்சுவதைக் குறைக்கும். மூன்று நாலு நாள் பொறுங்கள். தாய்ப்பூச்சி முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும், அந்தக் குஞ்சு ஒரு வாரத்தில் தாயாகிவிடும். அதனால் ஏழாம் நாள் இரண்டாவது தெளிப்பு கட்டாயம். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்ததே வீண்.

திருப்பத்தூர்ப் பக்கம்:
புகையிலைக் கஷாயம் வேகமாகக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் நிக்கோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் மிச்சம் வைக்காது. மிளகாய், கத்தரி, தக்காளிப் பக்கம் கொண்டே போகாதீர்கள். இலையில் திட்டுத் திட்டாக விழும் தேமல் நோய்க் கிருமி புகையிலையோடு வரலாம்.

இன்னொன்று, எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான். பந்தல் கால்களில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றுங்கள். கொடி தரையையும் வேலியையும் தொடாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

காரைக்குடிப் பக்கம்:
அடிக்கும் முன் கொத்தைத் திருப்பிப் பாருங்கள். முதலை போன்ற சின்னப் புழு ஊர்ந்தால் அது பொறிவண்டுக் குஞ்சு. உப்பிப் பழுப்பேறி அசையாமல் ஒட்டிய அசுவினிக்குள் குளவிக் குஞ்சு வளர்கிறது. இந்த இரண்டும் நிறைய இருக்கும் கொடிக்கு மருந்தே வேண்டாம். பக்கத்துக் கொடிக்கு மட்டும் அடியுங்கள்.