எங்கள் முயலின் எடை குறைந்துகொண்டே வருகிறது, வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக வளரும் முயல் முத்து ஆறு வாரங்களுக்கு முன் 2.1 கிலோ இருந்தான். இன்று காலை சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 1.6 கிலோதான் காட்டியது. முதுகைத் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்படுகின்றன.

அவனுக்குப் பசி இல்லாமல் இல்லை என்பதுதான் எங்களைக் குழப்புகிறது. கொத்தமல்லித் தழையைக் கண்டதும் ஓடி வருகிறான், ஒரு காம்பை இரண்டு முறை மென்றுவிட்டுக் கீழே போட்டு, மூலையில் போய்ச் சுருண்டுகொள்கிறான். காய்ந்த புல்லைத் தொடுவதே இல்லை. கொண்டைக்கடலை அளவில் இருந்த புழுக்கைகள் மிளகளவுக்குச் சிறுத்துவிட்டன.

மதுரையில் நாங்கள் பார்த்த மருத்துவர் முன்பற்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். புழுக்கைப் பரிசோதனையிலும் ஒட்டுண்ணி எதுவும் தென்படவில்லை. ஆனால் முயலுக்குக் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை என்பதாலும், அவற்றில் கூர்முனை உண்டாகி நாக்கையோ கன்னத்தையோ கீறினால் பசி இருந்தும் மெல்ல முடியாது என்பதாலும் என் சந்தேகம் அங்கேதான் போகிறது. சிறுநீரகக் கோளாறும் இப்படி உடலை உருக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கும் கேட்டிருக்கிறோம்.

மதுரை, திருச்சி வட்டாரத்தில் முயலுக்குப் பாதுகாப்பாக மயக்க மருந்து கொடுத்துக் கடைவாயைச் சோதித்து, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்கும் அனுபவமுள்ள மருத்துவரை யாரேனும் அறிவீர்களா? முயல் அரை நாள் உண்ணாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்பதால், தீவனத்தை ஊறவைத்துக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டி வருகிறேன். இந்த எடைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுக்கலாம், புரையேறாமல் ஊட்டுவது எப்படி என்பதையும், இதே நிலையிலிருந்து உங்கள் முயல் மீண்டிருந்தால் எந்தச் சோதனையில் காரணம் தெரியவந்தது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.