பழைய வேரியாக்கைப் பாதுகாப்பாக இணைக்க ஆலோசனை தேவை
வணக்கம். திருகோணமலையில் பழைய இரும்புக் கடையொன்றில் கிடைத்த, பெயர்த்தகடில்லாத வேரியாக் (திருகுபிடியால் வெளியீட்டு வோல்ட்டளவைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றி) ஒன்றை எமது 230 வோல்ட் மின்சாரத்தில் இயக்கிப் பார்க்க விரும்புகிறேன். கடற்காற்றுப் பட்டுச் செப்புச் சுற்று பச்சை பூத்திருப்பதால், அதைத் துப்புரவாக்கி, சுற்றுக்கும் இரும்புடலுக்கும் இடையிலான காவலிடலை 500 வோல்ட் மெகரால் (காவலிடல் தடையை அளக்கும் கருவி) அளந்து, உடலைப் புவியிணைத்த பின்னர், 100 வாட் இழை மின்குமிழொன்றைத் தொடராக வைத்தே முதலில் மின் கொடுக்க எண்ணியுள்ளேன். உள்ளீடும் வெளியீடும் ஒரே சுற்றில் இருப்பதால், உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் இடம் மாறினால், வேரியாக்கின் திருகுபிடியைப் பூச்சியத்தில் வைத்தாலும் வெளியீட்டு முனைகள் புவியைச் சார்ந்து 230 வோல்ட்டிலேயே நிற்கும். இதுவே எனது பெருங்கவலை. குறைந்த வெளியீட்டில் சுற்று கருகுமளவு மின்னோட்டம் பாய்ந்தாலும் உள்ளீட்டு உருகி அதை உணராது என்பதால், வெளியீட்டிலும் உருகி வைக்கவுள்ளேன். கம்பியின் தடிப்பையும் சுற்றின்மேல் நகரும் கரித்தூரிகையின் அகலத்தையும் கொண்டு இந்த வேரியாக் தாங்கும் ஆம்பியர் அளவை எவ்வாறு மதிப்பிடலாம்? அனுபவமுள்ளோர் தயவுசெய்து கூறுங்கள்.