குழந்தை ‘இன்னொரு தடவை’ என்று கேட்ட படப் புத்தகம்: உங்கள் அனுபவம் என்ன?

கேட்டவர்: அத்தை, தென்காசி

அண்ணன் மகள் ஒன்றாம் வகுப்பு. புத்தகக் காட்சிக்குப் போனால் குழந்தைகள் அரங்கில் எல்லாமே பளபளவென்று இருக்கிறது. முயலுக்குச் சட்டை, சிங்கத்துக்குக் கண்ணாடி. எதைப் பார்த்து வாங்குவது? “அருமையான நூல், அனைவரும் வாங்கலாம்” மாதிரி சிபாரிசு வேண்டாம். குழந்தை கையில் போன பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

மாலை வகுப்பு அக்கா, கடையநல்லூர்

அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனசு நிற்காது. ‘ரோஸீஸ் வாக்’ என்று ஒரு ஆங்கிலப் புத்தகம். பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்தது, 1968-ல் வந்தது. மொத்தமே 32 சொல், ஒரே ஒரு வாக்கியம். ரோஸி என்கிற கோழி முற்றத்தைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போர் மேலே ஏறி, ஆலையைக் கடந்து, வேலிக்குள் நுழைந்து, தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. எழுத்தில் அவ்வளவுதான்.

படத்தில் ஒரு நரி பின்னாலேயே வருகிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது! பாய்கிறது, குப்பைவாரி மூஞ்சியில் அடிக்கிறது. மறுபடி பாய்கிறது, குளத்தில் விழுகிறது. கோழி திரும்பியே பார்ப்பதில்லை.

நான் வேண்டுமென்றே நரியைக் கண்டுகொள்ளாமல், “கோழி குளத்தைச் சுத்திப் போச்சு” என்று தமிழில் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, நரி! நரி!” “எங்கே? புத்தகத்தில் அப்படி ஒண்ணும் எழுதலையே.” “எழுதலைன்னா என்னக்கா, நல்லா பாருங்க!” ஒரு பையன் கோழியையே அதட்ட ஆரம்பித்துவிட்டான்: “ஏ கோட்டிக் கோழி, பின்னாடி பாருளா!” மாவு மூட்டை நரி தலையில் கொட்டும் பக்கத்துக்கு வந்தபோது திண்ணையில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கவனித்தது என்னவென்றால், எழுத்துக் கூட்டவே திணறுகிற ஒரு பெண் இருந்தாள். மறுநாள் அவள்தான் புத்தகத்தை வாங்கி, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு முழுக்கதையும் சொன்னாள், நரியின் பக்கத்திலிருந்து. என் கதையைவிட அது நீளம். வாசிக்கத் தெரிந்த எனக்குத் தெரியாத ஒன்று வாசிக்கத் தெரியாத தனக்குத் தெரியும் என்கிற கெத்து அவளுக்கு. அதற்கு இடம் கொடுக்கிற புத்தகம்தான் என் கணக்கில் நல்ல புத்தகம்.

படம் வரைகிறவன், கும்பகோணம்

அக்கா சொன்னதை வரைகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு வருகிற கதைகளில் பாதி இப்படி இருக்கும்: “சிவப்புப் பாவாடை அணிந்த சிறுமி இடுப்பில் குடத்துடன் கிணற்றடிக்குச் சென்றாள்.” சிவப்பு, பாவாடை, குடம், கிணறு எல்லாம் நான்தான் வரையப்போகிறேன். பிறகு அந்த வரிக்கு என்ன வேலை? “அன்றைக்கு அவள் யாரிடமும் பேசவில்லை” என்று எழுதினால் எனக்கும் வேலை இருக்கும், பார்க்கிற பிள்ளைக்கும் வேலை இருக்கும். ஒருமுறை ஒரு பதிப்பாசிரியரிடம் இதைச் சொல்லி வாக்கியங்களை வெட்டச் சொன்னேன். “பக்கத்துக்கு நாலு வரியாவது இல்லாவிட்டால் பெற்றோர் காசு கொடுக்க மாட்டார்கள் சார்” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், என்ன செய்ய.

மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963) கிடைத்தால் எழுத்தைப் படிக்காமல் படங்களின் அளவை மட்டும் பாருங்கள். சேட்டை செய்த மேக்ஸைச் சாப்பாடு இல்லாமல் அறைக்குள் அனுப்பிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. அறைக்குள் காடு வளர வளரப் படமும் வளர்கிறது. பக்கத்தை நிறைக்கிறது, எதிர்ப்பக்கத்துக்கும் தாவுகிறது. அவனும் பூதங்களும் ஆட்டம் போடும் இடத்தில் மூன்று முழு விரிப்புகளுக்கு (எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சேர்ந்தது ஒரு விரிப்பு) ஒரு எழுத்துகூட இல்லை. வீடு திரும்பும்போது எழுத்தும் திரும்பி வருகிறது. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது, அவனுக்காக வைத்திருந்த சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறது என்கிற செய்தி மட்டும். அம்மாவை ஒரு பக்கத்திலும் வரையவில்லை. என் மகள் கேட்டாள், “அப்போ யாருப்பா சோறு வெச்சது?” கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

அச்சகத்துக்காரர், சிவகாசி

கதை, ஓவியம் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. தாள் தெரியும். பெரும்பாலான படப் புத்தகம் 32 பக்கம் ஏன் தெரியுமா? எங்கள் கணக்கில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் மடித்து நடுவில் பின் அடித்தால் 32. முப்பத்து மூன்றாவது பக்கத்துக்குக் கதை இழுத்தால் தாளும் வீண், காசும் வீண். அதனால் எழுதுகிறவர் அந்த அளவுக்குள் கதையை அடக்கப் பழகியிருக்க வேண்டும்.

நான் தினமும் பார்க்கிற கோளாறு நடு மடிப்பு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு யானை வரைந்திருப்பார்கள், முகம் சரியாக மடிப்பில் வந்து நிற்கும். தைத்து முடித்தால் யானைக்கு ஒரு கண்தான் மிஞ்சும். நல்லவர்கள் செய்வது வேறு. வெள்ளைத் தாளை மடித்து, பின் அடித்து, பென்சிலில் கிறுக்கி ஒரு டம்மி கொண்டு வருவார்கள். எந்தப் பக்கத்தைத் திருப்பும்போது பிள்ளை திடுக்கிட வேண்டும் என்பதை அதில் பார்த்துவிடுவார்கள். புலி இடது பக்கத்தில் இருக்க வேண்டும், புதரின் அசைவு அதற்கு முந்தைய வலது பக்கத்தில். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் புதரைப் பார்க்கும்போதே புலியும் தெரிந்துவிடும், அப்புறம் திடுக் எங்கே?

எரிக் கார்லின் ‘த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ (1969) என்கிற கம்பளிப்புழுப் புத்தகத்தை ஒருவர் கொண்டுவந்து “இதே மாதிரி ஓட்டை போட முடியுமா” என்று கேட்டார். திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று புழு தின்னத் தின்னப் பக்கத்தின் அகலம் கூடிக்கொண்டே போகும், தின்ற இடத்தில் நிஜமான ஓட்டை இருக்கும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கட்டுபடியாகிற விலையில் செய்ய ஆள் கிடைக்காமல் ஜப்பானில் அச்சடித்தார்கள். இன்றைக்கு எங்கள் ஊரில் டை கட்டிங், அதாவது தாளை வேண்டிய வடிவத்தில் வெட்டுவது, சாதாரணம். ஆனால் அவர் கொண்டுவந்த கதையில் ஓட்டைக்கு வேலையே இல்லை, சும்மா ஒரு வீட்டுக்கு ஜன்னல். அதைச் சொன்னேன். ஆர்டர் போய்விட்டது.

இரவுநேர அப்பா, சேலம்

எல்லோரும் படம் படம் என்கிறீர்கள். என் மகனுக்கு மூன்று வயது, அவனுக்குச் சத்தம்தான் முக்கியம். “தொபுக்கடீர்னு விழுந்துச்சு” என்று வந்தால் போதும், அந்தப் பக்கத்தைத் தாண்ட விட மாட்டான். “தவளை நீரில் வீழ்ந்தது” என்று அச்சடித்திருந்தால் நான் படிக்கும்போதே மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் நேற்று மாற்றியது ஒன்று, இன்று மாற்றியது ஒன்று. “நேத்து அப்படிச் சொல்லலையே” என்று பிடித்துவிடுகிறான். கடையில் நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

சேலத்துத் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ஒரு எதிர் உதாரணம். சோவியத் யூனியன் இருந்த காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடையில் சோவியத் புத்தகங்கள் வாங்கித் தருவேன். பெரிய அளவு, நல்ல தாள், விலை கொஞ்சம். மொழிபெயர்ப்புத் தமிழ் சில இடங்களில் பல்லை உடைக்கும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. பனியைப் பார்த்திராத ஊரில் பனிக்குள் நிற்கும் மரவீட்டை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் கூரையில் பூனை எத்தனை, புகைபோக்கி எத்தனை என்று எண்ணுவார்கள்.

எனக்கு ஆகாதது கடைசிப் பக்கத்து நீதி. கதை முடிந்து பிள்ளை வாய் திறக்கப் போகும் நேரத்தில் “ஆகவே குழந்தைகளே” என்று ஒருவர் குறுக்கே வருவார். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மூடிவிடுவது என் வழக்கம்.

வாசகர் வட்டத்துக்காரர், விருதுநகர்

வாங்குவதோடு வேலை முடியவில்லை அம்மா. பின் அடித்த மெல்லிய புத்தகத்துக்கு முதுகே கிடையாது. அலமாரியில் நெருக்கி அடுக்கினால் பெயர்கூடத் தெரியாது, பிள்ளை எடுக்கவே எடுக்காது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்கு வந்த சின்னப் புத்தகங்களை நாங்கள் பிள்ளைகளின் கண் உயரத்துக்குக் கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டி, அட்டை தெரியத் தொங்கவிட்டிருக்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவோம். கிழிவது கிழியத்தான் செய்யும், செல்லோடேப் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.