பதில்: கிரிட்டிகல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் – ‘ஊர்தாங்கி’ எனலாமா?

வணக்கம்.

‘கிரிட்டிகல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’, அதாவது மின்சாரம், குடிநீர் போல நின்றால் ஊரே முடங்கும் அமைப்புகளுக்குத் தமிழ்ச் சொல் கேட்ட இழையில் வந்த மூன்று சொற்களையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘நெருக்கடி உட்கட்டமைப்பு’ ஆகாது. நெருக்கடியில் சிக்கிய கட்டமைப்பு என்றே படும். ‘உயிர்நாடி’ மேடைப் பேச்சில் தேய்ந்துபோன சொல். ‘முக்கிய உட்கட்டமைப்பு’ பழகியதுதான், ஆனால் என் மறுப்பெல்லாம் அதன்மேல்தான்.

‘முக்கிய’ என்றதும் துறைமுகமும் அணுமின் நிலையமும்தான் கண்முன் வருகின்றன. ஆனால் அமெரிக்காவில் இணையத் தாக்குதலின் அடி விழுந்த இடத்தைப் பாருங்கள். 2023 நவம்பர் 25, பென்சில்வேனியாவின் அலிகிப்பா. குடிநீர் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஒரு பம்ப் நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கருவியின் திரை சிவந்தது. இஸ்ரேலில் செய்த கருவி எல்லாம் எங்கள் இலக்கு என்று அதில் எழுத்து. ஊழியர்கள் கருவியை நிறுத்திவிட்டுக் கையால் இயக்கினார்கள். ஈரான் புரட்சிக் காவல்படையைச் சேர்ந்தவர்களின் வேலை என்றது அமெரிக்க அரசு. அந்த வகைக் கருவி ஆலையிலிருந்து வரும்போதே இருந்த கடவுச்சொல் 1111!

குடிநீர் ஆய்வில் இணையப் பாதுகாப்பையும் மாநிலங்கள் சோதிக்க வேண்டும் என்ற அமெரிக்கக் கூட்டரசின் அறிவுறுத்தல், மிசூரி, ஆர்கன்சா, அயோவா மாநிலங்கள் தொடுத்த வழக்கால் இந்தத் தாக்குதலுக்கு முந்தைய மாதம்தான் கைவிடப்பட்டிருந்தது. டெக்சாஸ் 2021-லேயே சட்டம் போட்டது: சீனா, ஈரான், வடகொரியா, ரஷ்யாவின் பிடியிலுள்ள நிறுவனங்களுக்கு மின்கட்டமைப்பையோ நீர் சுத்திகரிப்பையோ தொட விடும் ஒப்பந்தம் கூடாது. ஒப்பந்தமே இல்லாமல் நுழைபவனை அது என்ன செய்யும்? 2024 ஜனவரியில் அதே மாநிலத்தின் மியூல்ஷூவில், சுமார் 5,000 பேர் வாழும் ஊரில், எங்கிருந்தோ ஒருவன் இணையம் வழியே நுழைந்து தண்ணீர்த் தொட்டியை வழியவிட்டான். 2025 மார்ச்சில் வந்த அமெரிக்க அதிபர் ஆணையோ இத்தகைய தாக்குதல்களுக்கான தயார்நிலைப் பொறுப்பை இன்னும் மாநிலங்கள் பக்கமே நகர்த்துகிறது.

ஆக, அந்தத் தொட்டிக்குக் காவலிருப்பவருக்கும் ‘இது என்னைத்தான் சொல்கிறது’ என்று படவேண்டும். அதற்குத்தான் ‘ஊர்தாங்கி’. சுமைதாங்கி, இடிதாங்கி வழியில் வந்த சொல். எங்கள் ஊர்ச் சாலையோரம் இன்றும் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. விறகுக்கட்டை அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சாய்ந்தால் சுமை என்னவாகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நாடளாவியதற்கு ‘ஊர்’ சிறிதல்லவா என்பீர்கள். ‘ஊர் உலகம்’ என்றுதானே பேசுகிறோம்? ஊர்தாங்கிப் பட்டியல், ஊர்தாங்கிக் காப்பு என வேறு சொற்களோடு ஒட்டுவதும் எளிது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-ஆம் பிரிவில் வரும் ‘கிரிட்டிகல் இன்ஃபர்மேஷன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என்பதற்கு ‘தகவல் ஊர்தாங்கி’ பொருந்துமா என்பதில்தான் எனக்கு உறுத்தல். அந்தப் பிரிவை மொழிபெயர்த்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.