காற்றில்லாத துணைக்கோளில் மூடுபனிக்குப் பதிலாக எதை வைப்பது?

பெருமாள்மலைக்காரன்:
வணக்கம். வளிமக் கோள் ஒன்றைச் சுற்றிவரும், காற்றோ நீரோ இல்லாத, 800 கிலோமீட்டர் ஆரமுள்ள பாறைத் துணைக்கோளில் நடக்கும் அறிவியல் புனைகதை ஒன்றை எழுதி வருகிறேன். அது தன் கோளுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவது. முதல் காட்சியில், பெரும்பள்ளம் ஒன்றின் விளிம்பில் நிற்கும் நாயகி, மெல்லிய மூடுபனிக்கு அப்பால் அந்தக் கோள் உதிப்பதைப் பார்க்கிறாள். விடுதி அறைத் தோழன் படித்துவிட்டு, "இது நம் கொடைக்கானல் தூண்பாறை, வேறு உலகமே அன்று" என்று சொல்லிவிட்டான். மூடுபனியை எடுத்துவிட்டால் காட்சியே மொட்டையாகிறது.

பழைய கரும்பலகை:
தம்பி, மூடுபனியைவிடப் பெரிய பிழை அந்த உதயம். ஒரே முகத்தைக் காட்டும் துணைக்கோளில் ஓரிடத்தில் நின்று பார்த்தால், கோள் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. ஆணியடித்து மாட்டியதுபோல் வானில் ஏறக்குறைய அதே இடத்திலேயே நிற்கும். அது பிறையாகி, வளர்ந்து, தேய்வதைக் கொண்டுதான் நாயகி பொழுதைக் கணக்கிட முடியும். சமதரையில் அவளுடைய தொடுவானம் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். நம் ஊரில் தொலைவிலுள்ள மலை நீலம் பாரித்து மங்குவதால்தான் அது தொலைவு என்று கண் அறிகிறது; அங்கோ அருகிலுள்ள கல்லும் கடைசிக் குன்றும் ஒரே கூர்மையில் தெரியும், எது பக்கம் எது தூரம் என்று அவள் தடுமாறுவாள். மூடுபனி செய்யவேண்டிய வேலையை இந்தத் தடுமாற்றமே செய்துவிடும்.

முத்தோரைவாசி:
எங்கள் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள வானொலித் தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது. வானியலாளர் கோவிந்த் சுவரூப் தலைமையில் உருவானது. 530 மீட்டர் நீளமுள்ள அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமையவேண்டும் என்பதற்காகவே, இவ்வூரின் அட்சரேகைக்கு ஈடாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்தார்கள். வானொலி அலைகளை உமிழும் தொலைதூர விண்பொருள்களை நிலவு மறைக்கும் கணத்தைப் பதிவுசெய்து அவற்றின் அளவையும் அமைப்பையும் அறிவது அதன் முதல் நோக்கம். காற்றில்லாத நிலவின் விளிம்பு கத்திமுனைபோல் இருப்பதால்தான் இது கைகூடியது. (வறண்ட நிலவால் பயனில்லை என்று யார் சொன்னது?) உங்கள் கதையிலும், குன்றுக்குப் பின்னால் மறையும் விண்மீன் மினுக்காமல், மங்காமல், விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று போகட்டும்.

பெருமாள்மலைக்காரன்:
ஐயா, உதயத்தை நீக்கிவிட்டேன்; கோள் இப்போது அவள் தலைக்கு நேர்மேலே பாதிப் பிறையாக நிற்கிறது. முத்தோரை நண்பரின் விண்மீனையும் எடுத்துக்கொண்டேன். ஆனால் காற்றில்லாத இடத்தில் மணமும் இராதே என்பதுதான் உறுத்துகிறது.

பழைய கரும்பலகை:
வெளியில் இராது. கலத்துக்குள் வரலாம். அப்பல்லோ வீரர்கள் உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது, உடையில் ஒட்டிவந்த நிலவுத் தூசு வெடித்து ஓய்ந்த துப்பாக்கி மருந்தைப்போல் மணந்ததாகச் சொன்னார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலை நம் தெருவில் வீசும் வாடையை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.